அணைந்த அடுப்பின் வாசனை

மலையை ஒட்டிய பட்டறையில் வாசனைக்காரி மழை மண்ணின் மணத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். செய்முறை மாமியார் வீட்டு வழி வந்தது. சரிவின் மண்ணை வில்லைகளாகத் தட்டி அரைப்பதமாகச் சுட வேண்டும். வேர்த்துண்டுகளோடு செப்புப் பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். தீ மூட்டினால் ஆவி மூங்கில் குழாய் வழியே போய், குளிர்ந்த குடத்திலிருக்கும் சந்தன எண்ணெயில் மணத்தை இறக்கிவிடும். எண்ணெய் பிடித்ததை விடாது.

மழை விட்டபாடில்லை. சரிவைக் குடைந்து கட்டிய பின்னறையில் கணவன் காய்ச்சலில் படுத்திருந்தான்.

"அண்ணி, வாசனை சும்மா தூக்குது! இந்தத் தடவை பின்னிட்டீங்க," என்றாள் நாத்தனார்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு. அவருக்கு இது வெறும் சேறு."

ஈர மண், அறுந்த வேரின் பச்சை வாடை. இத்தனை காலம் அவளுக்குப் பிடிபடாதிருந்தது அதுதான். பெருமையோடு மறுபடி முகர்ந்தாள். இன்னும் கூடியிருந்தது.

அங்கேதான் அவளுக்கு உறைத்தது. மூக்குக்கு ஒரு குணம் உண்டு. ஒரே மணத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் அதைச் சட்டை செய்யாது. அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி தம் முழங்கை மடிப்பை முகர்ந்து மூக்கைத் தெளியவைத்துக்கொள்வார்கள். காலையிலிருந்து பானையருகே நிற்பவளுக்கு மணம் மங்கத்தான் வேண்டும், கூடக் கூடாது.

குழாயைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. குனிந்து பார்த்தாள். ஈர விறகு எப்போதோ அணைந்துபோயிருந்தது.

"அடுப்பே எரியல. அப்போ இது எங்கேருந்து வருது?"

மணத்தைப் பிடித்துக்கொண்டே இருவரும் நடந்தார்கள். அது பின்னறை வாசலில் கொண்டுபோய் விட்டது. சரிவில் வேர்கள் கொத்தாக அறுந்தால்தான் பச்சை வாடை அப்படி வரும். வேர் அறுகிறதென்றால் மண் நகர்கிறது.

காலையில் மாத்திரை கொடுக்கப் போனபோது சுலபமாகத் திறந்த கதவு, இப்போது அசையவில்லை. கதவின் நிலைச்சட்டம் கோணியிருந்தது.

"என்னங்க! எழுந்து கதவை இழுங்க!"

"மழையில கட்டை ஊதியிருக்கும். கொஞ்சம் தூங்க விடேன்."

"அண்ணா, எழுந்திரு! மலை இறங்குது!" நாத்தனார் விறகு பிளக்கும் கோடரியைக் கொண்டுவந்து கதவில் இறக்கினாள். பிளவு வழியே மணம் குப்பென்று வந்தது.

கட்டில் கிறீச்சிட்டது.

"எழுந்துட்டேன், இரு... சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு கல்லை உருட்டுறது?"

அந்தப் பக்கம் மலை மட்டும்தான். வாசனைக்காரி கோடரியைப் பிடுங்கி ஓங்கினாள்.