பியூர் பிரிஸில்

கடைக்காரர் சுந்தரம் கண்ணாடி மேசையின் மேல் பச்சைத் துணி ஒன்றை விரித்து, நான்கு ரேசர்களை வரிசையாக வைத்தார். நிஸார் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் எடை பார்த்தான். முதலாவது லேசாக இருந்தது; கைப்பிடியை ஆட்டினால் தலை கடகடத்தது. இரண்டாவதில் அடிக்குமிழைத் திருகினால் தலையின் இரு கதவுகளும் திறக்கும், ஆனால் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் திறந்தன. மூன்றாவது பித்தளை, நல்ல கனம். பிளேடு போட்டுத் தலையை இறுக்கி, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பிளேடின் இரு ஓரங்களும் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒரு நூல் கூடுதலாக இருந்தாலும் அந்தப் பக்கம் கன்னத்தைக் கீறும்.

"இது சாயுது" என்றான்.

பக்கத்தில் நின்ற கோதண்டராமன் சிரித்தான். "விட்டா உங்க கடைக்கே ரிஜெக்ட் டேக் மாட்டிடுவான் சார். பீன்யாவுல இருவது வருஷமா இதே வேல."

"மாட்டட்டும் ஸ்வாமி. இவ்ளோ பாத்து வாங்கறவங்க இப்ப யாரு இருக்காங்க? ஃபோன்ல தட்டறாங்க, டப்பா வருது" என்றார் சுந்தரம். நான்காவதை நிஸார் பக்கம் தள்ளினார். அது நேராக இருந்தது. நிஸார் அதைத் தனியாக எடுத்து வைத்தான்.

சனிக்கிழமை. ஒரு மணிக்குப் பற்சக்கரத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து இருவரும் பீன்யாவில் மெட்ரோ ஏறி சிக்பேட்டையில் இறங்கியிருந்தார்கள். கோதண்டராமனுக்கு வர விருப்பமில்லை. ஆன்லைனில் போடலாம் என்று இரண்டு முறை சொன்னான். எனக்குத் தந்த பிரஷ்ஷை நீ வாங்கிய கடைக்கே போகலாம் என்று நிஸார் சொன்னபோது, எங்கே இருக்கிறதென்றே மறந்துவிட்டது என்றான். நிஸார் வீட்டில் அந்த ஷேவிங் பிரஷ்ஷின் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தான். அடியில் கடையின் ஸ்டிக்கர் பாதி தேய்ந்து, ஃபோன் எண் மட்டும் மிச்சமிருந்தது. அழைத்து வழி கேட்டுக்கொண்டான். ரயிலில் கோதண்டராமன் அதிகம் பேசவில்லை. வெயில் என்று நிஸார் நினைத்தான்.

மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை ஓசூர். பெண் பார்க்க வந்த அன்று அவன் தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்ததை நிஸார் கவனித்தான். நான்கு வருடங்களுக்கு முன்பு நிஸாரின் முகமும் அப்படித்தான் இருந்தது. மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று மாற்றிப் பார்த்தும் கன்னம் ஆறவில்லை. ஒரு நாள் மதிய இடைவேளையில் கோதண்டராமன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிரஷ்ஷையும் ஒரு வட்டச் சோப்பையும் கொடுத்தான். அட்டைப்பெட்டி கிழிந்துவிட்டது என்றான். பிரஷ்ஷை ஐந்து நிமிடம் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும், நுரையை முகத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும், முடி வளர்கிற திசையில்தான் ரேசரை இழுக்க வேண்டும் என்று கேண்டீன் கைகழுவும் கண்ணாடி முன்னால் நின்று செய்து காட்டினான்.

"இது என்னா முடி?" என்று நிஸார் அன்றைக்கே கேட்டிருந்தான்.

"பியூர் பிரிஸில்பா" என்றான் கோதண்டராமன்.

அவர்கள் பிரிவில் பிரிஸில் என்றால் ஒன்றுதான். பற்சக்கரத்தின் பல்லிடுக்கில் சிக்கிய இரும்புத் துருவலைத் தட்டி எடுக்கிற வெள்ளை நைலான் பிரஷ். மாதம் ஆறு வரும். ஸ்டோரில் போய் பிரிஸில் கொடு என்றால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நிஸார் மேற்கொண்டு கேட்கவில்லை. முதல் வாரம் நனைத்தால் ஒரு வாடை வந்தது. புதுசு என்றால் அப்படித்தான் என்றான் கோதண்டராமன். பிறகு வாடை போயிற்று. நாளாக ஆக முடியின் நுனி மிருதுவாகியது. கன்னம் ஆறியது. தாடி வைப்பதை ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகு என்று ஃபாத்திமாவிடம் சொல்லி வைத்திருந்தான். அதுவரை வெள்ளிக்கிழமை தவறாமல், ஜும்ஆவுக்கு முன்னால், நிதானமாக ஷேவ் செய்துகொள்வான்.

"பிரஷ்ஷு?" என்றார் சுந்தரம்.

"ஃபைபரே குடுங்க. சீக்கிரம் காயும்" என்றான் கோதண்டராமன்.

"இல்லப்பா. என்னோடது மாதிரியே வேணும்." நிஸார் கைபேசியில் படத்தை எடுத்துக் காட்டினான். "இதுதான் சார். உங்க கடையில வாங்கினது. நாலு வருஷமா இருக்கு, ஒரு முடி கொட்டல. மாப்பிள்ளைக்கு இதே வேணும்."

சுந்தரம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "உங்க பேரு என்ன சார்?"

"நிஸார்."

அவர் கைபேசியைத் துணியின் மேல் மெல்ல வைத்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. இது உங்களவங்களுக்கு ஆகாது." கொஞ்சம் நிறுத்தினார். தமிழில் சொல்லக் கூசியவர்போலக் கன்னடத்துக்குத் தாவினார். "ஹந்தி கூதலு சார், இது."

நிஸாருக்குக் கன்னடம் தெரியும்; ஹந்தி என்றால் பன்றி, கூதலு என்றால் முடி. இருந்தாலும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் கேட்டதுபோல் நின்றான்.

"இது நைலான்தானே? பிரிஸில்."

"பிரிஸில்னாலே அதோட முடிதான் சார், எங்க வியாபாரத்துல. பியூர்னு போட்டா கலப்பு இல்லன்னு அர்த்தம்." சுந்தரம் கோதண்டராமன் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்தது. "சாருக்குத் தெரியுமே. அப்பவே பாத்த மூஞ்சியா இருக்கேன்னு யோசிச்சேன். நீங்கதானே மாத்திக் குடுன்னு வந்து சண்ட போட்டது? நனைச்சதத் திருப்பி எடுக்க முடியாது ஸ்வாமின்னேன். நான் பெருமாள் சேவிக்கற ஆளு, பன்னி முடிய மூஞ்சில போட்டுப்பனான்னு என்னா சத்தம். தெருவே நின்னு பாத்துச்சு. அப்பறம் ஃபைபர் வாங்கிட்டுப் போனீங்க."

சொல்லிச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை என்று தெரிய அவருக்குச் சற்று நேரமானது.

கோதண்டராமன் துணியில் இருந்த இரண்டாவது ரேசரை எடுத்து அடிக்குமிழைத் திருகினான். கதவுகள் திறந்தன. மறுபடி திருகினான். மூடின. அவன் கை அதையே செய்துகொண்டிருந்தது.

நிஸார் தன் கன்னத்தைத் தொட்டான். நேற்றுத்தான் வெள்ளிக்கிழமை. வழவழப்பு இன்னும் இருந்தது. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி. பெருக்க வேண்டாம் என்று நினைப்பதற்குள் மனம் பெருக்கி முடித்திருந்தது.

கைபேசியை எடுத்துக்கொண்டு படி இறங்கினான். "ரேசர் சார்" என்று சுந்தரத்தின் குரல் பின்னால் கேட்டது.

மார்க்கெட் பஸ் நிறுத்தம் வரை கோதண்டராமன் இரண்டடி பின்னாலேயே வந்தான். பூக்கூடைகளுக்கும் சரக்கு ஆட்டோக்களுக்கும் நடுவே நிஸார் நின்று திரும்பினான்.

"முடிதானேப்பா" என்றான் கோதண்டராமன். "கறியா?"

"உனக்கு மட்டும் ஏன் அது முடியாத் தெரியல?"

கோதண்டராமன் சட்டைப்பையில் இருந்த மெட்ரோ கார்டை வெளியே எடுத்துப் பார்த்து உள்ளே வைத்தான். "நல்ல பிரஷ்ஷு. தூக்கிப் போட மனசு வரல. உன் கன்னம் அப்ப எப்படி இருந்துச்சு? நல்லதுக்குத்தான்..."

"பெட்டி கிழியல இல்ல?"

"பொய் சொல்லலியே நிஸார். பிரிஸில்னுதானே சொன்னேன்."

"நம்ம டிபார்ட்மென்ட்ல பிரிஸில்னா என்னான்னு உனக்குத் தெரியும்."

ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்து இருவரையும் ஒதுங்கச் சொன்னது. ஒரே பக்கமாக ஒதுங்கினார்கள்.

"ரிஜெக்ட் பீஸ என்னா பண்ணுவோம்?" என்றான் நிஸார்.

"விடுப்பா."

"சொல்லு."

"செவப்பு அடிப்போம்."

"எதுக்கு அடிக்கறோம்? இன்னொருத்தன் தெரியாம எடுத்து மாட்டிடக் கூடாதுன்னுதானே?"

கோதண்டராமன் தரையைப் பார்த்தான். மிதிபட்ட சாமந்தி இதழ்கள். "மொத வாரமே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ வந்து மூஞ்சி நல்லாயிடுச்சுன்னு சொன்ன. எல்லார்கிட்டயும் சொன்ன. அப்பறம் எப்படி..."

"நாலு வருஷமா அப்பறம்."

வீட்டுக்குப் போகிற அடுகோடி பஸ் வந்தது. நிஸார் ஏறிக்கொண்டான். வழக்கமாகக் கோதண்டராமன் கீழே நின்று பஸ் நகரும்வரை ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். இன்றும் நின்றான். வாய் அசையவில்லை.

வீட்டில் ஃபாத்திமா தரையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். நிஸார் நேராகக் குளியலறைக்குப் போனான். பிரஷ்ஷை எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றி வாசலுக்கு வெளியே வைத்தான். சோப்பையும், இத்தனை நாள் பிரஷ் நின்ற குவளையையும் வைத்தான். பிறகு முகம் கழுவினான். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அவள் வாசலில் வந்து நின்றபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாங்க ஆச்சு?"

சொன்னான். சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. குழாயை மூடினாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவேவா?"

"அப்பவே."

"தெரியாம செஞ்சதுக்கு அல்லாஹ் கேக்க மாட்டான். அத விடுங்க" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய், மேல்தட்டில் இருந்த சின்னக் குக்கரை எடுத்து வந்தாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் கோதண்டராமனுக்கு மட்டும் சாதம் வைக்கிற குக்கர். மற்ற நாட்களில் துணி சுற்றி மேலே இருக்கும். துணியைப் பிரித்தாள்.

"ஒம்பது வருஷம். ஒரு முட்டகூட இதுல வெந்ததில்ல. கரண்டி தனி. கத்தி தனி. அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நாம ஏன் சொல்லல?"

நிஸார் யோசித்தான். "சொல்லணும்னு தோணல."

அவள் குக்கரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மேலே வைப்பதா, மற்ற பாத்திரங்களோடு சேர்ப்பதா என்று தெரியாதவள்போல. பிறகு அதைத் தரையில், உறைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

"அவருக்குப் பத்திரிக?"

நிஸார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு தட்டு பற்சக்கரங்கள் நிஸாரின் மேசைக்கு வந்தன. நாற்பது. ஒவ்வொரு தட்டோடும் ஒரு தாள் வரும். தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது விதி. முதல் ஆள் அளந்து எழுத வேண்டும். இரண்டாவது ஆள் மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும். இரண்டாவது ஆள் யாரும் அளப்பதில்லை. முதல் கையெழுத்து கோதண்டராமனுடையது என்றால் நிஸார் தாளைக்கூடப் படிப்பதில்லை. பதினோரு வருடமாக அப்படித்தான். நிஸாரின் எண்களுக்குக் கீழே கோதண்டராமனும் அப்படித்தான் போட்டான்.

தாளைக் கோதண்டராமனே எடுத்து வந்திருந்தான். மேசைமேல் வைத்து, பேனாவை அதன் குறுக்கே வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை அழைத்திருந்தான். நிஸார் எடுக்கவில்லை.

"போட்டுடு. வண்டி நிக்குது" என்றான்.

நிஸார் பேனாவைத் தள்ளி வைத்தான். இழுப்பறையைத் திறந்து மைக்ரோமீட்டரை எடுத்தான். அதன் இரு முகங்களையும் துணியால் துடைத்தான். மூடி, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தான். நின்றது. தட்டிலிருந்து முதல் பற்சக்கரத்தை எடுத்தான்.

கோதண்டராமன் போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்றான். காதுகள் சிவந்திருந்தன. பக்கத்து மேசைகளில் கிரைண்டிங் சத்தத்துக்கு நடுவே தலைகள் திரும்பின.

டெஸ்பாட்ச் ஆண்ட்ரூ கதவருகே வந்து எட்டிப் பார்த்தான். "என்னா கோதண்டம் சார், இன்னும் ஆவலியா?"

"அளக்கறாரு" என்றான் கோதண்டராமன்.

நிஸார் நிமிரவில்லை. அளவைத் தாளில் கோதண்டராமனின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினான். இரண்டும் ஒன்றாக இருந்தன. அடுத்ததை எடுத்தான். அதுவும் ஒன்றாக இருந்தது. துணியால் மறுபடி துடைத்து, மூன்றாவதை எடுத்தான்.