சாம்பல் கல்லின் முதல் போணி

பஞ்சாயத்துக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு கல் வாங்க வந்தபோது செவந்தி சேற்றை மிதித்துக்கொண்டிருந்தாள். மூன்று பங்கு கண்மாய் மண், ஒரு பங்கு உமிச்சாம்பல். இலுப்பூர் ரைஸ்மில்லில் கொட்ட இடமில்லாமல் குவிந்து கிடந்த சாம்பலை அவள் புருஷன் சோலையப்பன் சும்மா அள்ளிவந்து செங்கல் அறுத்தான். கல் கனமில்லை, தட்டினால் கணீரென்றது. ஊரே வந்து தட்டிப் பார்த்தது. முதலில் யார் வாங்குவது என்றுதான் தயங்கியது.

"எங்கிட்டுக்குங்க கல்லு?" என்று கேட்டாள்.

"சுடுகாட்டுக் கொட்டகைக்கு" என்றார் வண்டியிலிருந்தவர்.

செவந்தியின் கால் நின்றுவிட்டது. புருஷனைத் தனியே கூப்பிட்டாள். "மொதப் போணிங்க. அங்கிட்டா குடுப்பாக? வேணாம்."

"வாங்குறவன் எங்க கட்டுனா நமக்கென்ன?" என்றான்.

அவனுக்கு அவசரம். போன பங்குனியில் கூரைவீடு தீப்பற்றியபோது மூன்று வயது மகள் அமிர்தவல்லி உள்ளே மாட்டிச் செத்துப்போனாள். இப்போது செவந்தி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். இந்தக் கல்லை விற்று ஓடு வாங்கிவிட்டால், அடுத்த சூளைக் கல்லில் சுவர் வைத்துவிடலாம். வரும் பங்குனி வெயிலுக்குள் பிள்ளையைக் கீற்றுக்கு அடியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

கொட்டகை எழும்பியது. கல்லுக்குச் சுடுகாட்டுக் கல் என்று பேரும் விழுந்தது. அப்புறம் தட்டிப் பார்க்கக்கூட ஆள் வரவில்லை.

தை பிறந்து சுவர் வைக்க வந்தான் செவந்தியின் தம்பி நாகராசு. கொத்தனார். கல் அடுக்கைப் பார்த்தவன் தோளிலிருந்த பையை இறக்கவில்லை.

"அக்கா, இதுல கை வச்சேன்னா நாளைக்கு ஒருத்தன் என்னய வீடு கட்டக் கூப்புட மாட்டான். கோவிச்சுக்கிராத."

தம்பிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. புருஷன்மேல்தான் வந்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவன் தலை நிமிராமல் நின்றதைப் பார்த்து விட்டுவிட்டாள். அந்தக் கல்லுக்கு அவளும்தான் பயந்தாள். கீற்றுக்கு அதைவிட அதிகமாகப் பயந்தாள்.

"கரண்டியையும் நூலையும் வச்சுட்டுப் போ" என்றாள் தம்பியிடம்.

எட்டு மாத வயிற்றோடு குத்தவைத்து அவள் கல் வைத்தாள். சோலையப்பன் மண் குழைத்துக் கொடுத்தான். பொழுது சாய்கையில் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கோணலாக வந்திருந்தது. வயலுக்கு அந்தப் பக்கம், அதே நிறத்துக் கொட்டகையிலிருந்து புகை கிளம்பி இவர்கள் பக்கமாகச் சாய்ந்தது. செவந்தி முந்தானையால் வயிற்றைச் சுற்றி மூடிக்கொண்டு அடுத்த கல்லுக்குக் கை நீட்டினாள்.