சிவப்புத் தும்பியும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும்

என் தங்கச்சி கவிப்பிரியாவைக் கட்டிய பிரபாகர், கல்யாணமாகி ஒரு மாதமாகியும் எங்கள் வீட்டில் மூன்றே வார்த்தைகள்தான் பேசியிருந்தார். "ம்", "சரிங்க", "போதுங்க". ஓசூரில் கம்பெனி வேலை, நல்ல பையன், கவியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது அவரை "மாமா" என்றுகூட மாப்பிள்ளை கூப்பிடவில்லை.

"நம்ம வூடு அவருக்கு ஒட்டல போலடா சங்கரு" என்றார். பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை விழுந்த அன்றுகூட அப்பா முகம் அப்படி ஆனதில்லை.

மாப்பிள்ளை தானாக வாயைத் திறந்தது ஒரே ஒரு முறை. நிச்சயதார்த்தத்தன்று நான் போட்டிருந்த சிவப்பு டி-ஷர்ட்டைப் பார்த்து, "தும்பி வீரன் படமெல்லாம் பாப்பீங்களா?" என்று கேட்டார். அது பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில் தொங்கியதை நிறத்துக்காக எடுத்தது. நெஞ்சில் இருந்த பூச்சி தும்பி என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் நாக்கு சும்மா இருந்தால்தானே. "ஒண்ணு விடாம பாப்பனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தத் தும்பி வீரனின் புதுப்படம் வெள்ளிக்கிழமை வருகிறது. புது மாப்பிள்ளையைக் குடும்பத்தோடு சினிமாவுக்கு அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். விருந்தன்று மழை வந்து கெடுத்ததால் அது பாக்கியாகவே கிடந்தது. ஓசூரிலிருந்து இருவரையும் வரச்சொல்லி, தருமபுரியில் எல்லோருக்கும் டிக்கெட் போட்டேன். ரசிகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கேட்டால் முழிக்க முடியாது, அதனால் பழைய பாகங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இது கதை இல்லை, காடு. படத்துக்கு நடுவே ஒரு சீரியல், சீரியலுக்குள் வேறொருவன் கதை, செத்தவன் அடுத்த பாகத்தில் தம்பி முகத்தோடு வருகிறான். தக்காளி தரம் பிரிக்கும் கொட்டகையில் போனைப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, கை பழத்திலும் கண் படத்திலுமாக ஓட்டினேன். பழுத்ததையும் காயையும் ஒரே பெட்டியில் போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திட்ட வந்த மனுஷன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தும்பி வீரனின் மாமனார் அவனை எதிரியிடம் காட்டிக்கொடுக்கும் இடம் ஓடிக்கொண்டிருந்தது. "பொண்ணு குடுத்தவன் இப்பிடிச் செய்வானாடா? இதுல என்னமோ இருக்குது" என்றார். அதன் பிறகு போன் என் கைக்கு வரவில்லை. சீரியல் ஓடும்போது நான் குறட்டை விட்டேன். அவர் ஒரு பகுதியைக்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை தியேட்டரில் நான் நடுவில், இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாப்பிள்ளை. அவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் கவியும். இடைவேளை வரை மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. டீ வாங்க இரண்டு பேரும் வெளியே வந்தோம்.

"மச்சான், அந்த நீலக்கண்ணு பொம்பள யாருங்க?" என்றார் மெதுவாக.

"நீங்கதான் சொல்லணுங்க மாப்ள. எனக்குத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"நீங்க பெரிய ரசிகர்னு, ஷிப்ட் முடிச்சு வந்து வாரம் பூரா இதையேதான் பாத்தேன். பாதிக்கு மேல தூங்கிட்டனுங்க" என்றார். "புது எடத்துல என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியாது. உங்க சட்டையப் பாத்ததும், சரி, இதையாவது பேசலாம்னு நெனச்சேன்."

"அது கலருக்கு எடுத்த சட்டைங்க."

மாப்பிள்ளை சிரித்தார். டீ தளும்பிப் புதுச்சட்டையில் கொட்டியது, அப்போதும் சிரித்தார். எனக்கு அப்பவே பாதி பாரம் இறங்கிவிட்டது.

"அப்ப கதை யாருக்குத்தாங்க தெரியும்?"

"எங்கப்பாவுக்கு."

உள்ளே போனதும் என் சீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்தார். பிறகு அப்பா பக்கம் சாய்ந்து, "மாமா, அந்த நீலக்கண்ணு பொம்பள யாருங்க?" என்றார்.

அப்பா திரையை விட்டுவிட்டு மாப்பிள்ளை முகத்தையே பார்த்தார். கேட்டது காதில் விழவில்லையோ என்று மாப்பிள்ளை மறுபடி, "மாமா" என்றார். அதற்குப் பிறகு அப்பாவை நிறுத்த ஆள் இல்லை. முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். காட்டிக்கொடுத்த மாமனார், மருமகனைக் காப்பாற்றத்தான் அப்படி நடித்தார் என்று திரையில் தெரிந்தபோது, "நான் அன்னிக்கே சொன்னனில்ல" என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அம்மாதான் எங்கள் இருவரையும் தாண்டி எட்டிச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மறுநாள் காலையில் அவர்கள் ஓசூர் கிளம்ப வேண்டும். மாப்பிள்ளையைத் தேடினால் கொட்டகையில் இருந்தார். கவிழ்த்த பெட்டிமேல் அப்பா, எதிரே இன்னொரு பெட்டிமேல் அவர், நடுவில் போன். முதல் பாகத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பழுத்தது எது, காய் எது என்று தெரியாமல் அவர் பிரித்துப் போட்ட பெட்டி அப்படியே இருந்தது. அப்பா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

கவி பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள்.

மாப்பிள்ளை போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்த பஸ்ல போலாம் கவி. மாமா இப்பத்தான் சொல்ல ஆரம்பிச்சாரு" என்றார்.