சம்பந்திக்குச் சட்டத்தில் இடமில்லை

மாப்பிள்ளையின் அப்பா யார் என்று தெரிந்த அன்றே சிக்ரிட் ஹால்வர்சனுக்குப் பாதித் தூக்கம் போயிற்று. மீதித் தூக்கம் கல்யாணத் தேதி குறித்த அன்று போயிற்று.

ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெண்டல் புருஸ்கி சிரித்த முகக்காரர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பவர். ஆனால் பிழைப்பு என்ன தெரியுமோ? லாபிக்காரர். சீஸ் ஆலைக்காரர்கள் சங்கத்துக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்த்து, பேசிப் பேசி ஓட்டுச் சேர்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார். சிக்ரிட்டோ சட்டமன்ற உறுப்பினர். அமெரிக்காவில், இந்த விஸ்கான்சின் மாநிலத்தில், லாபிக்காரர் கையால் ஓர் உறுப்பினர் ஒரு வாய் காபி வாங்கிக் குடிக்கக் கூடாது. பேச்சுக்குச் சொல்லவில்லை ஐயா, காபி என்றால் காபியேதான்!

கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்து மாப்பிள்ளை வீட்டாருடையது. அதுதான் இங்கே முறை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு; இந்த ஊரில் வெள்ளி என்றால் பொரித்த மீன்தான். வெண்டல் தன் ஏரிக்கரை வீட்டில் ஊரையே கூட்டி மீன் பொரிப்பதாக இருந்தார். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, சீஸ் ஆலைகள் கழிவு நீரை ஆற்றில் விடுவதற்குக் கடிவாளம் போடும் மசோதா ஓட்டுக்கு வருகிறது. சிக்ரிட் அதற்கு ஆதரவாகக் கை தூக்குவதாக முடிவு செய்திருந்தாள். அந்த மனுஷன் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு, நாலு நாளில் அவர் பிழைப்புக்கு எதிராக எப்படிக் கை தூக்குவது? அதைவிட, மீனைப் பரிமாறிக்கொண்டே அவர் அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் என்ன பதில் சொல்வது?

உறவுக்காரர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று யாரோ சொன்னார்கள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி, இந்த விதிகளைக் கவனிக்கும் நெறிமுறை ஆணையத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது ஓர் இளம் வக்கீல்.

"மேடம், அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் மாப்பிள்ளையோட அப்பா."

"அது சரி மேடம். உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கா? எனக்கு... மாப்பிள்ளையோட அப்பா."

"அந்த உறவுக்குப் பேர் ஏதாவது இருக்கா?"

சிக்ரிட் யோசித்தாள். வக்கீலும் யோசித்தார். நம்மிடம் கேட்டிருந்தால் பால்குடிப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். இங்கிலீஷ்காரர்களுக்கு மாமனார் உண்டு, மச்சினர் உண்டு, சம்பந்தி கிடையாது. பிள்ளைகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, கடைசிவரை ஒருவருக்கொருவர் பெயரில்லாமல் நிற்கிறார்கள், பாவம்.

"பேர் இல்லன்னா பட்டியல்லயும் இல்ல மேடம்," என்றார் வக்கீல். "அவர் உங்களுக்கு உறவே இல்ல."

காசு கொடுத்துச் சாப்பிடத் தடையில்லை என்றும் சொன்னார். அதை வெண்டலிடம் சொல்லிப் பார்த்தாள். சிரித்த முகம் முதல் தடவையாகச் சுண்டிப்போயிற்று.

"என் வீடு என்ன ஹோட்டலா, இல்ல..." என்று ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். "நீங்க பெத்த பொண்ணோட விருந்துக்கு உங்ககிட்டயே பில்லு கேப்பனா, சிக்ரிட்? என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?"

மகள் அன்னிகா அதற்கும் மேலே போனாள். "ஊர்ல எல்லாரும் உக்காந்து சாப்பிடுவாங்க, நீ மட்டும் அவர் மீன்ல விஷம் இருக்கற மாதிரி பாத்துட்டு நிப்பியா? என் மானத்த வாங்கணும்னே கங்கணம் கட்டியிருக்கியா? அங்க அவரை அவமானப்படுத்தினீன்னா, மறுநாள் சர்ச்சுக்கு வராதம்மா. நான் தனியாவே நடந்து போய்க்கறேன்."

அப்பா இல்லாத பெண். சர்ச்சில் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் அழைத்துப் போக அம்மா ஒருத்திதான். சொன்னால் செய்துவிடுகிற ரகம் வேறு.

ஆனாலும் வெள்ளிக்கிழமை போகும்போது பையில் பன்றி இறைச்சி சாண்ட்விச் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் போனாள். தண்ணீர் பாட்டில்கூட அவளுடையதே. பிடிவாதம் என்று சொல்லுங்கள், பயம் என்று சொல்லுங்கள், இரண்டும்தான்.

விருந்து களைகட்டியிருந்தது. பொரித்த மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் கலவை, ஆளுக்கொரு கையில் பிராந்தி. நீள மேஜையில் எல்லாத் தட்டும் நிறைந்திருக்க, சிக்ரிட் மெதுவாகக் காகிதத்தைப் பிரித்தாள். மெதுவாகப் பிரித்தால் காகிதம் சரசரக்காதா? ஊருக்கே கேட்டது.

"என்ன சிக்ரிட்," என்று எதிரே இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா சத்தமாகக் கேட்டார், "தொண்டையில முள்ளுக்கு பதிலா சட்டம் மாட்டிக்கிச்சா?"

மேஜையே சிரித்தது. அன்னிகா மட்டும் சிரிக்கவில்லை. வெண்டல் அந்த சாண்ட்விச்சைப் பார்த்தார், சிக்ரிட்டைப் பார்த்தார். முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

தொலைந்தது, எல்லாம் தொலைந்தது என்று நினைத்தாள் சிக்ரிட். மகள் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் சாண்ட்விச்சோடு சமையலறைக்குள் போய் நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சற்றுப் பொறுத்துப் பின்வாசல் வழியாக வெண்டல் வந்தார். கதவைச் சாத்தினார். அப்படியே கதவில் சாய்ந்து, நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

"வெண்டல், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மனசு நோகணும்னு நான்..."

"நல்லா இருப்பீங்க சிக்ரிட்! நூறு வருஷம் நல்லா இருப்பீங்க!"

"என்னது?"

"மூணு வாரமா எங்க சங்கத் தலைவர் என் உயிர எடுக்கறார். 'விருந்துல உன் பக்கத்துலதானய்யா உக்காரப் போறா, மீன் ரெண்டு துண்டு உள்ள போனதும் அந்த மசோதாவ பத்திப் பேச்சை ஆரம்பி'ங்கறார். கேட்டா என் பையனோட வாழ்க்கைல மண்ணு. கேக்கலன்னா என் வேலைல மண்ணு. உங்கள கூப்பிடவும் முடியல, வராதீங்கன்னு சொல்லவும் முடியல. காசு தரேன்னு நீங்க சொன்னப்ப எரிஞ்சு விழுந்தேனே, அது உங்க மேல வந்த கோவமில்ல."

"இப்ப யாருக்குப் போன் பண்ணீங்க?"

"அவருக்குத்தான். 'ஐயா, அந்தம்மா என் வீட்டுப் பச்சத் தண்ணியக்கூடத் தொடல, சோத்த வீட்லேந்து கட்டிட்டு வந்திருக்கு, இதுகிட்ட நான் வாயத் தொறந்தா நாளைக்கு பேப்பர்ல உங்க பேரும் சேந்துதான் வரும்'னேன். பயந்துட்டார். 'சனியன விட்டுத் தொலை, நீ போய்க் கல்யாணத்தப் பாரு'ன்னுட்டார்."

சிக்ரிட் பக்கத்தில் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நாள்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய சுகத்தில் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. "நான் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு எதிராத்தான் ஓட்டுப் போடுவேன்," என்றாள், சம்பந்தமே இல்லாமல்.

"தாராளமா போடுங்க. அந்த ஆத்துலதான் நானும் மீன் பிடிக்கிறேன்." வெண்டல் அவள் கையில் இருந்ததை உற்றுப் பார்த்தார். "காலைலேந்து பச்சத் தண்ணி இறங்கல எனக்கு. நான் உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான சட்டம்? நீங்க எனக்குக் குடுக்கலாமில்ல?"

அதற்குத் தடை இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. சாண்ட்விச்சை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவரிடம் நீட்டினாள். மனுஷன் ஒரே கடியில் பாதியை உள்ளே தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து அன்னிகா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண் சிவந்து, சண்டைக்குத் தயாராக வந்தவள், கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்த மாமனாரைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

"உங்கம்மாகிட்ட லஞ்சம் வாங்கிட்டிருக்கேம்மா," என்றார் வெண்டல், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. "நாளைக்கு சர்ச்சுக்கு அவங்களத் தள்ளிவிட்டுட்டு நீ மட்டும் வந்தேன்னு வை, என் ஓட்டு உனக்குக் கிடையாது."