சீப்பின் பல் எந்தப் பக்கம்

அத்தை அந்தக் குறிக்குச் சீப்பு என்று பெயர் வைத்த பிறகு கண் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் எல்லோருமே அப்படித்தான் சொல்லத் தொடங்கினார்கள். கறுப்பாக, ஒரு முதுகும் மூன்று பற்களுமாக இருக்கும் குறி. பார்வை சோதிக்கும் அட்டையின் மேல் வரியில் உள்ளங்கை அகலம் இருக்கும். கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி வரியில் எறும்பாகிவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும். பல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் விரலை நீட்ட வேண்டும். எந்த வரிவரை சரியாக நீட்ட முடிகிறதோ அதுவரை பார்வை இருக்கிறது என்று கணக்கு.

சீப்பைத் தவிர வேறெதுவும் அத்தைக்குத் தோன்றியிருக்காது. எங்கள் வீட்டு முன்னறையே அவளுடைய பார்லர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் புருவம் திருத்துவதைப் பார்த்தால் சிலந்தி வலை பின்னுவது போலிருக்கும். நான் கண்ணாடி துடைப்பேன், முடி பெருக்குவேன், துண்டு மடிப்பேன். பேசுகிற வேலை முழுவதும் அத்தையுடையது. யார் நாற்காலியை விட்டு எழுந்தாலும், "பாரு, பத்து வயசு உதிர்ந்து தரையில கெடக்கு. இவ இப்பப் பெருக்கிடுவா," என்று என்னைக் காட்டுவாள். வந்தவர்கள் முகம் மலர்ந்து போவார்கள். ஒருவரையும் வாடிய முகத்தோடு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

ஒருநாள் வேலைக்கான பேட்டிக்குப் போகிற பெண் ஒருத்தி வந்தாள். அவள் எழுந்தபோது ஒரு புருவம் எதையோ கேட்பது போல வளைந்தும், மற்றது பதில் சொல்ல மறுப்பது போலப் படுத்தும் கிடந்தது. "இப்ப இதுதான் ஸ்டைலு," என்று சொல்லி அத்தை அவளை அனுப்பிவிட்டாள். பிறகு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இங்க வாடி. மூக்கைப் பாத்தா மூக்கைக் காணோம். காதைப் பாத்தா காதைக் காணோம். எதைப் பாக்குறேனோ அதுதான் காணாமப் போகுது."

அப்படித்தான் நாங்கள் கண் மருத்துவமனைக்குப் போனோம். பல வருடத்துச் சர்க்கரை, வலது கண்ணின் விழித்திரையில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். அதுவும் நட்ட நடுவில், முகமும் எழுத்தும் பார்க்கிற இடத்தில். கண்ணுக்குள் ஊசி போட்டால் நீர் வற்றும். மறுபடி ஊறினால் மறுபடி போட வேண்டும். விட்டுவிட்டால் அந்த இடம் நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

மறுபடி எப்போது போடுவது என்பதில்தான் அந்த டாக்டரின் ஆய்வு இருந்தது. விழித்திரையைக் குறுக்கே வெட்டிக் காட்டுவது போலப் படம் எடுக்கும் ஒரு மெஷின் இருக்கிறது. நீர் ஊறினால் அதில் உடனே தெரியும். ஆனால் சின்ன ஆஸ்பத்திரிகளில் அந்த மெஷின் இல்லை. சீப்பு அட்டையை எந்தச் சுவரிலும் மாட்டலாம். அட்டையை மட்டும் நம்பி ஊசி போட்டாலும் கண் பிழைக்குமா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குப் படத்தைப் பார்த்து ஊசி, பாதிப் பேருக்கு அட்டையைப் பார்த்து ஊசி. அத்தை அட்டைப் பக்கம் விழுந்தாள். அவளுக்கும் படம் எடுப்பார்கள், ஆனால் பூட்டி வைத்துவிடுவார்கள். ஆபத்து என்று பட்டாலொழிய டாக்டரே பார்க்க மாட்டார்.

"பூட்டி வெக்கறதுக்கு எதுக்கு எடுக்கறது?" என்று அத்தை கேட்டாள்.

"அட்டை சொன்னது சரியா தப்பான்னு கடைசியில ஒத்துப் பாக்கறதுக்கு. அட்டையே போதும்னு வரணும்னு எனக்கு ஆசைங்கம்மா. அந்த மெஷினைத் தேடி பஸ் மாறி பஸ் மாறி வர்றவங்களை தினம் பாக்குறேன். ஆனா என் ஆசைக்காக அது சரின்னு ஆயிடாதே. நீங்க எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம். வைத்தியம் நிக்காது."

இவ்வளவிலும் அத்தை பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். டாக்டருக்கு ஓர் ஆசை இருக்கிறது.

அட்டையைப் படிக்க வைப்பவருக்கு அத்தை கல்லு என்று பெயர் வைத்தாள். என்னை விடச் சில வயது மூத்தவர், அதனால் எனக்குக் கல்லு அக்கா. விரல் சரியாக நீண்டாலும் தப்பாக நீண்டாலும் அவர் முகத்தில் ஒன்றும் அசையாது. அத்தை பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"சரியா சொன்னேனாம்மா?"

"அடுத்தது."

"சும்மா தலையையாவது ஆட்டலாம்ல?"

"அடுத்ததுங்கம்மா."

யார் படப் பக்கம், யார் அட்டைப் பக்கம் என்பது கல்லு அக்காவுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றே வைத்திருந்தார்கள். தெரிந்தால் மனம் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்து, ஒருவருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கேட்கத் தோன்றுமாம். நாளெல்லாம் அந்த இருட்டறையில், எல்லோருக்கும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் அவர் "அடுத்தது" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். கூட வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே விதி. எனக்கென்றே போட்டது போல இருந்தது.

முதல் ஊசிகளில் பார்வை சில வரிகள் ஏறியது. பிறகு ஒரே இடத்தில் நின்றது. அந்த முறை டாக்டர் கல்லு அக்கா எழுதிக் கொடுத்த தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது அத்தை, "அந்த டாக்டர் பொண்ணு கண்ணுக்குக் கீழ பாத்தியா, கருவளையம். நம்ம கிரீமுக்கெல்லாம் போகாது அது," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த விரல் பயிற்சி ஆரம்பித்தது. கண்ணாடி முன்னால் நின்று மேலே, வலது, வலது, கீழே, இடது என்று தாளம் தப்பாமல் நீட்டுவாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, டிராஃபிக் போலீஸ் வேலைக்குப் போகப் போறீங்களா?"

"தோள்பட்டை வலிக்குடி. நீ உள்ள தலைய விடு, இல்லன்னா பாதி முகம்தான் வெளுக்கும்."

தோள்பட்டை வலி என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த இரண்டு முறையும் அத்தை அட்டையில் கிடுகிடுவென்று கீழே இறங்கினாள். பார்வை நன்றாக இருக்கிறது, விதிப்படி இப்போது ஊசி தேவையில்லை என்றார் டாக்டர். அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். பார்லரிலும் வித்தியாசம் தெரியவில்லை. இடது கண் நன்றாக இருந்ததால் எல்லாவற்றையும் அதுவே சமாளித்துக்கொண்டது.

அதற்கும் அடுத்த முறை. வழக்கம் போல ஜன்னல் திரையை இறக்கி, அட்டை மாட்டிய விளக்குப் பெட்டியைப் போட்டு, அத்தையின் இடது கண்ணை மூடினார் கல்லு அக்கா. அத்தை கழுத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆரம்ப நாட்களில் அப்படி உட்கார மாட்டாள். நடுவில் தெரியாததால் கோழி பார்ப்பது போலத் தலையைச் சாய்த்து ஓரக் கண்ணால் தேடுவாள்.

"ஆரம்பிங்கம்மா."

அத்தையின் விரல் மேலே போனது. பெட்டியில் சீப்பின் பல் கீழே இருந்தது. விரல் வலது பக்கம் போனது. பல் மேலே. மறுபடி வலது. அங்கே இடது. உள்ளங்கை அகலச் சீப்பு அத்தைக்கு எப்படித் தெரியாமல் போகும்? பிறகு அந்தத் தாளம் எனக்குப் பிடிபட்டது. ஆவி பிடிக்கும் மெஷின் சத்தத்தோடு தினமும் கேட்ட தாளம். அத்தை அட்டையைப் பார்க்கவே இல்லை. பழைய அட்டை ஓரம் மஞ்சளாகிவிட்டதென்று அன்று வேறொன்றை மாட்டியிருந்தது அவளுக்குத் தெரியாது.

கல்லு அக்கா முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "அடுத்தது. அடுத்தது." கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாலும் நாலில் ஒன்று சரியாக அமையும். அன்று அத்தைக்கு அதுவும் அமையவில்லை.

நடையில் வந்து உட்கார்ந்ததும் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "எப்படி? இன்னைக்கு எறும்பு வரைக்கும் போயிட்டேன்ல?"

"அட்டை மாறிடுச்சு அத்தை."

"என்ன மாறிடுச்சு?"

"இன்னைக்கு வேற அட்டை. நீங்க காட்டினது பழசு."

அத்தை கைப்பையைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள்.

டாக்டரே தாளோடு வெளியே வந்து எங்களை உள்ளே கூட்டிப்போனார். அத்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை பக்கத்திலேயே நின்று, லென்ஸை வைத்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரத்தம் எதுவும் கசியல. ஆனா முதல் வரியே தெரியலன்னு வந்திருக்கு." கல்லு அக்காவைக் கூப்பிட்டார். "அட்டையில ஏதாவது கோளாறா? இன்னொரு தரம் எடுத்துப் பாக்கலாமா?"

"விதிப்படி ஒரு தரம்தான் டாக்டர். அவங்க காட்டினதை அப்படியே எழுதியிருக்கேன்."

"சரி. அப்ப இதை நிஜம்னு வெச்சுத்தான் நான் யோசிக்கணும்." டாக்டர் நாற்காலியை இழுத்து அத்தைக்கு நேராக உட்கார்ந்தார். "போன மாசம் அவ்வளவு நல்லா இருந்த கண்ணு இப்படி இறங்கியிருக்குன்னா, நான் எதையோ கவனிக்காம விட்டிருக்கேன். மன்னிச்சுக்கங்கம்மா. என்னன்னு கண்டுபிடிக்கிறேன்."

அத்தையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நீ எதையும் விடலம்மா. நான்தான் உனக்கு நல்ல மார்க்கு வரட்டும்னு அட்டையை மனப்பாடம் பண்ணேன்."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "கண்மறைப்பைக் கழட்டினதும் அந்த நல்ல கண்ணால ஒரு பார்வை பாத்துப்பேன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமா மனசுல ஏத்திக்கிட்டேன். இவ்வளவு பாடுபடுறியே, கூட நாலு வரி படிச்சா என்ன கொறைஞ்சு போகுதுன்னு..."

திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். டாக்டர் கேட்டது வேறு.

"முழு அட்டையுமா? காட்டுங்க பாக்கலாம்."

அத்தை காட்டினாள். மேல் வரியிலிருந்து எறும்பு வரை. கல்லு அக்கா மஞ்சளாகிப்போன பழைய அட்டையைக் கையில் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். "எல்லாம் சரி டாக்டர்," என்று சொல்லிவிட்டு உதடுகளை இறுக மூடிக்கொண்டார். கல்லுக்கு இதற்கு மேல் சிரிக்கத் தெரியாது. டாக்டருக்கோ கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபோது முகம் மாறியிருந்தது.

"இவங்க படத்தைத் திறங்க."

திரையில் விழித்திரை சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தது. நடுவில் சின்னப் பள்ளமாக இருக்க வேண்டிய இடம், மழையில் நனைந்த சுவர்ப் பூச்சு உப்புவது போல மேடாகக் கிளம்பியிருந்தது. அதற்குள் கறுப்புக் கறுப்பாய் நீர்ப் பைகள்.

"இவ்வளவு நீருக்கு ரெண்டு தரம் ஊசி போடாம அனுப்பியிருக்கேன்," என்றார் டாக்டர்.

"நான் பொய் சொன்னதுக்கு நீ என்னம்மா பண்ணுவ?"

"மனுஷங்க மனப்பாடம் பண்ணுவாங்கன்னு யோசிக்காம தரத்துக்கு தரம் ஒரே அட்டையை மாட்டினது யாரு? அது என் திட்டத்துல இருந்த ஓட்டை. உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேரு பண்றாங்களோ. இதுவரைக்கும் வந்த நல்ல எண்கள்ல எது நிஜம்னே இப்பத் தெரியாது. கூட ஆய்வு பண்ற எல்லா ஆஸ்பத்திரிக்கும் இன்னைக்கே சொல்லணும்."

"அப்ப உன் ஆசை?"

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அட்டை மட்டும் போதாதுன்னுகூட முடிவு வரலாம். வந்தா அதையும் நான்தான் எழுதுவேன். இப்பவே தெரிஞ்சதே பெரிசு. இதை நம்பி ஊர் ஊரா ஊசியை நிறுத்தியிருந்தா?"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை. வருடக்கணக்கில் கட்டியதில் ஒரு பக்கச் சுவர் சரிந்திருக்கிறது. அவரோ அஸ்திவாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே ஊசி போட்டார்கள். அத்தையை அட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அவளுக்குப் படம் பார்த்துத்தான் வைத்தியம். போகும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "முழுசா திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. கொஞ்சம் தாமதமாயிடுச்சு. ஆனா விட மாட்டேன்."

விடவில்லை. ஊசிக்கு மேல் ஊசியாக அந்த மேடு படிந்துகொண்டே வந்தது. பார்லரில் புருவ வேலை மெல்ல என் கைக்கு வந்திருந்தது. அத்தை பக்கத்தில் நின்று, "இடது பக்கம் இன்னும் ஒரு முடி. இதுதான் ஸ்டைலுன்னு சொல்லி அனுப்பிடாத," என்பாள். அவளே அப்படிச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

போன முறை போனபோது படத்தில் அந்தப் பள்ளம் மறுபடி பள்ளமாகவே தெரிந்தது. பிறகு இருட்டறை. இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் அட்டை மாறுகிறது. எழும்போது அட்டையைப் பார்க்க முடியாதபடி விளக்குப் பெட்டியை முதலில் அணைத்துவிடுகிறார்கள். கல்லு அக்கா கண்மறைப்பைக் கட்டினார்.

அத்தை கோழி போலத் தலையைச் சாய்த்தாள். மேல் வரியில் விரல் தயங்காமல் போனது. அடுத்த வரியும் அப்படியே. அதற்கடுத்ததில் தேடித் தேடிப் போனது. மனப்பாடத்தில் போன தூரத்துக்குப் பாதி வழிதான், ஆனாலும் ஒவ்வொரு விரலும் பல் இருந்த பக்கமே போனது.

"அடுத்தது."

அத்தை விரலைத் தூக்கினாள். பாதி உயரத்தில் நின்றது. எந்தப் பக்கம் போனால் அந்த முகம் மலரும் என்று தேடுவது போல ஒரு கணம் கல்லு அக்கா பக்கம் திரும்பினாள். அங்கே ஒன்றும் இல்லை. விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியலம்மா. இதுக்குக் கீழ எனக்குத் தெரியல."

கல்லு அக்கா அதை எழுதிக்கொண்டார்.

"சரிங்கம்மா. இப்ப அடுத்த கண்ணு."