பட்டன்காரி சொன்னது

சாட்சிக் கூண்டில் நின்ற கணவனின் வாயிலிருந்து பட்டன்காரியின் பேச்சு வந்தபோது, பார்வையாளர் பெஞ்சில் இருந்த மனைவிக்கு வயிறு எரிந்தது.

அவன் தையல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பட்டறையின் டிரைவர் கிடங்குப் பூட்டை உடைத்துத் துணி திருடினான் என்பது வழக்கு. கண்ணால் பார்த்தவள் பட்டன் தைக்கும் பெண் ஒருத்திதான். அதை மாஸ்டரிடம் சொன்னாள். அப்புறம் வேலையை விட்டு எங்கோ போய்விட்டாள்.

ஒருவர் சொல்லக் கேட்டதை நீதிமன்றம் லேசில் சாட்சியமாக ஏற்காது. காரணம் எளிது: சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. பார்த்தவர் இறந்திருக்க வேண்டும், அல்லது எவ்வளவு தேடியும் கிடைத்திருக்கக் கூடாது. அப்போதுதான் அந்தக் கதவு கொஞ்சம் திறக்கும். தேடியாயிற்று, ஆளில்லை என்றார் அரசு வக்கீல். சரி, முதலில் கேட்டுப் பார்ப்போம், பிறகு முடிவு செய்யலாம் என்றார் நீதிபதி.

"'மாஸ்டர், நம்ம டிரைவர்தான். தோளச் சாய்ச்சு நடக்கறத எங்க பாத்தாலும் சொல்லிடுவேன்'னா." தோளைக்கூடச் சாய்த்துக் காட்டினான்.

டிரைவரின் வக்கீல் எழுந்தார். "அவங்க கண்ணாடி போடறவங்களா?"

"போடுவா. தலைவலின்னா கழட்டிடுவா. சாயங்காலம் ஆனா தலைவலி வந்துடும், பாவம்."

"அன்னைக்குப் போட்டிருந்தாங்களா?"

"அத அவளத்தான் கேக்கணும்."

பாவமாம். காலையில் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சட்டைக்கு இஸ்திரி ஆச்சா என்று கேட்ட மனுஷன்.

பட்டன்காரி இருக்குமிடம் இவளுக்குத் தெரியும். இவள் ஆயாவாக இருக்கும் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில்தான் சேர்ந்திருந்தாள். இவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் மறுபடி கணவன் கண்ணில் படுவாள்.

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"அவ நிறைய சொல்லுவாங்கய்யா," என்றான் மாஸ்டர், முகம் மலர்ந்து.

இடைவேளையில் இவள் நேரே டிரைவரின் வக்கீலிடம் போய், பட்டன்காரி இருக்குமிடத்தைச் சொன்னாள்.

"ஏம்மா, இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"என்னை யாரு கேட்டா? அவர் வாயால அவ பேச்சக் கேக்கறதுக்கு, அவளே வந்து பேசிட்டுப் போகட்டும்."

பிற்பகலில் வக்கீல் அதைத் தெரிவித்ததும், நீதிபதி மாஸ்டர் சொன்னதை ஏற்க மறுத்து, பட்டன்காரிக்குச் சம்மன் அனுப்பச் சொன்னார். டிரைவர் கண்ணை மூடி மூச்சு விட்டான்.

வராந்தாவில் மாஸ்டர் ஓடிவந்தான். "உங்க ஆஸ்பத்திரியிலயா இருக்கா? நல்லா இருக்காளா? என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க?"

அவன் கை தானாகவே தலைமுடியைக் கோதியது.

"நீங்க அன்னைக்கு வேலைக்குப் போங்க," என்றாள் மனைவி. "நான் லீவு போட்டுக்கறேன்."