பதினொன்று பி-யில் சேர்ந்த மைதானம்

அந்த வருஷப் பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பதிலாக மைதானங்களை மாற்றிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகளை அனுப்பினால் சாப்பாடு, படுக்கை என்று ஆயிரம் தொல்லை. அதனால் குழலியின் பள்ளி தன் மைதானத்தை மலைமேல் இருந்த ஒரு பள்ளிக்கு ஒரு மாதம் அனுப்பிவைத்தது. திங்கட்கிழமை காலை மலைப் பள்ளியின் மைதானம் மினி லாரியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வந்து இறங்கியது. கொஞ்சம் சரிவான மைதானம். பயணத்தில் புல் வாடியிருந்தது.

மாணவர் தலைவன் ரகுநந்தன் வரவேற்புரை வாசித்தான். துணைத் தலைவி குழலி சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டு அவளுக்குத்தான் அதிகம். ஆனால் தலைவன் என்றால் பையன், துணை என்றால் பெண், தட்டு என்றால் துணை. இதை யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் அவள் அதோடு சண்டை போட்டிருப்பாள்.

அவளுக்கு இப்போது வேறு கவலை. வெள்ளிக்கிழமை வட்டார கோ-கோ போட்டி. மூன்று வருஷமாகப் பெண்கள் அணி போகவில்லை. இந்த முறையும் போகாவிட்டால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். பழகலாம் என்றால், பி.டி. பீரியட் வந்தாலே மைதானம் பையன்களுக்கு. பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைய வேண்டும். இதுவரை குழலி வரைந்த தவளைகளை இறக்கிவிட்டால் ஒரு குளம் நிரம்பும்.

மைதானத்தைப் பதினொன்று பி வருகைப் பதிவேட்டில் நாற்பத்து மூன்றாவதாகச் சேர்த்தார்கள். அது கொண்டுவந்த மாற்றுச் சான்றிதழை நகலெடுத்துவரக் குழலியைத்தான் அனுப்பினார்கள். போகிற வழியில் படித்தாள். பாலினம் என்ற இடத்தில் 'பெண்' என்று இருந்தது.

நேராக பி.டி. சாரிடம் போனாள்.

"சார், பசங்களை இறங்கச் சொல்லுங்க."

"எங்கேருந்தும்மா?"

"மைதானத்து மேலேருந்து. அது பொண்ணு சார்."

சார் சான்றிதழை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது.

ரகுநந்தன் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தான். "ஏய் குழலி, அது மண்ணுப்பா."

"மண்ணுக்கு எதுக்குடா அட்டெண்டன்ஸ்? காலையில 'உள்ளேன் ஐயா' சொல்லுச்சே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. அதுக்கு?"

"பொண்ணுங்ககிட்ட மூணடி தள்ளி நின்னுதான் பேசணும்னு அசெம்பிளியில படிச்சது யாரு? நீதான? தள்ளி நில்லு."

அவன் மூன்றடி தள்ளிப் போனான். அங்கேயும் மைதானம் இருந்தது. இன்னும் மூன்றடி. அப்படியே பின்னால் போய்ப் போய்க் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தான். மற்ற பையன்களும் வரிசையாக ஏறிக்கொண்டார்கள். சார் அவர்களுக்கு ரெக்கார்டு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று நாள் பெண்கள் ஓடினார்கள். முட்டி சிராய்த்தது, மூச்சு வாங்கியது, ஆனால் சரிவில் பழகியதால் கால் நன்றாக நின்றது. வியாழக்கிழமை மதியம், அணியில் இருந்த ஜெயப்பிரபாவின் அப்பா வந்தார். "வயசுப் பிள்ளை ஊர் ஊராப் போயி ஓடுறதா?" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு பேர் வேண்டும். பதினொருவர்தான் மிச்சம்.

குழலி தலைமையாசிரியை அறைக்குப் போய்ப் பதிவேட்டில் நாற்பத்து மூன்றாவது பெயரைக் காட்டினாள்.

"பதினொண்ணாவது படிக்குது மேடம். ஒருநாள்கூட லீவு போடல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "வீட்ல சம்மதிச்சிட்டாங்களா?"

"மலைக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன் மேடம். பத்திரமாக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் எண்ணிப் பார்த்து, பெண்களுக்கான இலவச டிக்கெட் பன்னிரண்டு கிழித்தார். பிறகு மகளிர் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரைத் தட்டினார். "எந்திரிங்க சார், லேடீஸ் நிக்கிறாங்கல்ல?"

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். மைதானம் ஜன்னலோரம் உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த குழலியின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது.